அளக்கும் கோலை அளத்தல்

நுழையும்முன்
நீளத்தை அளக்கக் கோல் உண்டு. எடையை அளக்கத் தராசு உண்டு. முதியவர் ஒருவரின் நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் எதைக்கொண்டு அளப்பது? அந்த அளவுகோல் எல்லார்க்கும் ஒன்றுபோல் அமைகிறதா?

உடல் வெப்பத்தைக் காட்டும் வெப்பமானிக்குக் கற்றவர், கல்லாதவர் என்னும் வேறுபாடு தெரியாது. அறிதிறனை அளக்க அத்தகைய கருவி இல்லை. வினாக்களைக் கேட்டு, விடைகளுக்கு மதிப்பெண் வழங்கியே அது அளக்கப்படுகிறது. வினாக்களோ மொழியையும் கல்வியையும் வாழ்க்கைச் சூழலையும் சார்ந்தவை. எனவே, குறைந்த மதிப்பெண் நோயைக் காட்டுகிறதா, பள்ளிக்கல்வி இன்மையைக் காட்டுகிறதா என்னும் வினா எழுகிறது.

முப்பது மதிப்பெண் சோதனை

1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ ஆகியோர் உருவாக்கிய சிறு மனநிலைச் சோதனை உலகெங்கும் பரவியது. நாளையும் இடத்தையும் கூறுதல், மூன்று பொருள்களின் பெயர்களைச் சிறிது நேரம் கழித்து நினைவுகூர்தல் முதலியன அதில் இடம்பெறும். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல், எழுதப்பட்ட கட்டளையைப் படித்து அதன்படி செய்தல், ஒரு தொடரை எழுதுதல், ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல் ஆகியனவும் உண்டு. மொத்த மதிப்பெண் 30. 23 அல்லது அதற்குக் கீழ்ப் பெற்றால் அறிதிறன் குறைபாடு இருக்கலாம் எனக் கருதுவது வழக்கம்.

மேற்கூறியவற்றுள் கழித்தலுக்கு 5, படித்தல், எழுதுதல், வரைதல் ஆகிய ஒவ்வொன்றிற்கும் 1 என 8 மதிப்பெண்கள் பள்ளிப் பயிற்சியோடு நெருங்கிய தொடர்புடையவை. எழுதுகோலையே பிடித்தறியாத மூதாட்டி ஒருவர் ஏனைய வினாக்கள் அனைத்திற்கும் சரியாக விடையளித்தாலும் 22 மதிப்பெண்ணே பெறக்கூடும். நினைவு மங்காத அவர் நோயாளியாகக் கருதப்படுவார்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட வயதுவந்தோரிடம் இச்சோதனை நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் 1993இல் வெளியாயின. ஒன்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ பள்ளியில் பயின்றோரின் இடைநிலை மதிப்பெண் 29. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் பயின்றோர்க்கு 26. நான்கு ஆண்டுகள் வரை மட்டும் பயின்றோர்க்கும் பயிலாதோர்க்கும் 22. அதாவது, இம்மூன்றாம் பிரிவினருள் பாதிப்பேர்க்குக் குறையாதோர் எல்லைக்கோட்டிற்குக் கீழே நின்றனர்.

சம அளவீடு

இரு குழுக்களின் மதிப்பெண்கள் வேறுபடுவதனாலேயே சோதனை தவறானது என்று கூறிவிட இயலாது. உண்மையான திறனிலும் வேறுபாடு இருக்கக்கூடும். ஒரே அளவு திறன் கொண்ட இருவர், எக்குழுவைச் சேர்ந்தவராயினும், ஒரு வினாவிற்குச் சரியாக விடையளிக்க ஒரே அளவு வாய்ப்புப் பெற்றிருக்க வேண்டும். இதுவே சம அளவீடு. ஆய்வாளர்கள் மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு வினாவையும் தனித்தனியே இவ்வாறு ஆராய்கின்றனர்.

இந்திய முயற்சிகள்

1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களுள் எழுத்தறிவு பெற்றோர் 8.86 விழுக்காட்டினரே. அத்தலைமுறையினர்க்குப் படித்தவர்க்கென அமைந்த சோதனையை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. அரியானா மாநிலத்தின் பல்லப்கர் பகுதியில் நடைபெற்ற ஆய்விற்காக இந்தி மனநிலைச் சோதனை உருவாக்கப்பட்டது. அதில், கட்டளையைப் படித்துக் கண்களை மூடுவதற்கு மாறாக, ஆய்வாளர் கண்களை மூடிக் காட்ட, முதியவர் அவ்வாறே செய்தால் போதும். தொடரை எழுதுவதற்கு மாறாக, தம் வீட்டைப் பற்றி ஒரு செய்தியை வாய்மொழியாகக் கூறலாம்.

மறதிநோயுற்றோருள் ஏறத்தாழ 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வுகளுள் 10 விழுக்காட்டிற்கும் குறைவானவையே அம்மக்களைப் பற்றியவையாக இருந்தன. இக்குறையைச் சுட்டும் வகையில் 'பத்து/அறுபத்தாறு' எனப் பெயர்பெற்ற பன்னாட்டு ஆய்வுக்குழு 1998இல் தோன்றியது. சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்களாயின. முதியவரின் விடைகளோடு, அவரை நாள்தோறும் காணும் உறவினரின் கூற்றையும் அக்குழு இணைத்து நோக்கியது. நேற்றுவரை தாமே செய்த வேலையை இன்று செய்யத் தடுமாறுகிறாரா என்பதை அறியப் பள்ளிச் சான்றிதழ் தேவையில்லை.

எச்சரிக்கை

கல்லாதவர்க்குச் சில மதிப்பெண்களைக் கூட்டி வழங்கினால் சிக்கல் தீர்ந்துவிடும் எனத் தோன்றலாம். ஆயின், குறைந்த கல்வி, மறதிநோய் ஏற்படும் வாய்ப்பை உயர்த்தும் காரணிகளுள் ஒன்று என ஆய்வுகள் காட்டுகின்றன. கண்மூடித்தனமாக மதிப்பெண்ணைக் கூட்டினால், நோயுற்றவரும் நலமுடையவராகக் கணக்கிடப்படுவார். உரிய கவனிப்பை இழப்பார். மறுபுறம், உயர்கல்வி பெற்றவர் நோயின் தொடக்கத்திலும் நல்ல மதிப்பெண் பெற்றுவிடுவதால், அவர் நோய் காலந்தாழ்ந்தே வெளிப்படலாம். பிழை இருபுறமும் நேரக்கூடும். இரண்டிலும் துன்புறுவோர் முதியவரும் அவர்தம் குடும்பத்தாருமே.

எல்லார்க்கும் ஒரே வினாவைக் கேட்பது சமமாக நடத்துவது போலத் தோன்றும். எல்லாரையும் ஒன்றுபோல் அளப்பதே உண்மையான சமன்மை. ஒருவரின் அறிவைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், அதை அளக்கும் கோல் நேரானதா எனச் சரிபார்ப்பது அறிவியலின் கடமை. அறத்தின் கடமையும் அதுவே.