அரிக்காத திட்டு

மாஹிம் ரயில் நிலையத்துக்கும் சயான் ரயில் நிலையத்துக்கும் நடுவே இருக்கிறது தாராவி. ஒரு காலத்தில் இது மாஹிம் உப்பங்கழியை ஒட்டிய சதுப்பு நிலம். சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இங்கே தோல் பதனிடும் வேலை செய்தார்கள். இன்றும் தாராவியில் தோல் பைகளும் பெல்ட்டுகளும் தைக்கிறார்கள்.

ஆட்டுத் தோலில் சிறு புள்ளி இருந்தாலும் தோல் வேலை தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் நம் உடம்பின் தோலை நாம் அப்படிப் பார்க்கிறோமா?

தோல் நம் உடம்பின் வேலி. கிருமிகளை உள்ளே விடாமல் தடுக்கிறது. வெயிலையும் குளிரையும் தாங்குகிறது. தொடுவதையும் சூட்டையும் வலியையும் நமக்குச் சொல்கிறது. அந்தத் தோலில் ஏதாவது மாற்றம் வந்தால் கவனிக்க வேண்டும்.

அரிக்கும் நோய்கள்

விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் சிறு பொரிகள் வருகின்றன. இரவில் அரிப்பு அதிகமாகிறது. வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்கள். இது சொறி சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் துளைத்து முட்டையிடுவதால் இது வருகிறது. ஒரே அறையில் ஐந்தாறு பேர் ஒட்டிப் படுக்கும்போது எளிதில் பரவும். அதனால் ஒருவர் மட்டும் மருந்து தடவினால் போதாது. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும். துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும்.

வட்டமாக, ஓரம் சிவந்து, அரிப்போடு பரவுவது படர்தாமரை. இது ஒரு வகைப் பூஞ்சையால் வருகிறது. வியர்வையும் ஈரத் துணியும் அதற்குப் பிடிக்கும். இதற்குக் கடையில் நாமே களிம்பு வாங்கித் தடவக் கூடாது. சில களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். தடவியதும் அரிப்பு அடங்கும். நிறுத்தியதும் நோய் முன்னைவிட அதிகமாகப் பரவும்.

அரிப்பு வந்தால் நமக்குத் தூக்கம் வராது. அதனால் சீக்கிரம் டாக்டரிடம் போய்விடுகிறோம். ஆனால் அரிக்காத ஒரு திட்டும் உண்டு. அதைத்தான் நாம் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

உணர்ச்சி இல்லாத திட்டு

தோலில் வெளுத்த அல்லது சிவந்த திட்டு ஒன்று தோன்றுகிறது. அரிப்பு இல்லை. வலி இல்லை. தேமல் என்று நினைத்துச் சும்மா இருக்கிறோம். தேமலாக இருந்தால் அந்த இடத்தில் தொட்டால் தெரியும். தொட்டாலும் சுட்டாலும் தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம்.

தொழுநோய் கடவுள் கொடுத்த தண்டனை அல்ல. போன பிறவியின் பாவமும் அல்ல. அது ஒரு கிருமியால் வருகிறது. 1873-இல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். தாயின் வயிற்றிலிருந்து அது பிள்ளைக்கு வருவதில்லை. தொட்டதும் ஒட்டிக்கொள்வதில்லை. மருந்து சாப்பிடாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி இருந்தால், அவருடைய மூச்சு, தும்மல் வழியாகப் பரவுகிறது. ஆனாலும் பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே இருக்கிறது.

இந்தக் கிருமி தோலையும் நரம்புகளையும் தாக்குகிறது. நரம்பு கெட்டால் கை கால் மரத்துப்போகும். அங்கேதான் ஆபத்து. தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து, மும்பை முழுவதும் விற்கிறார்கள் நம் மக்கள். கை மரத்துப்போனவருக்குப் பானையின் சூடு தெரியாது. தோல் தைப்பவருக்கு ஊசி குத்தியது தெரியாது. வலிக்காததால் புண்ணைக் கவனிப்பதில்லை. புண் ஆழமாகிறது. விரல்கள் மடங்கிப்போகின்றன. கை போனால் பிழைப்பும் போகிறது.

அன்றும் இன்றும்

மாட்டுங்காவில் 1890-இல் தொழுநோயாளிகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார்கள். வடாலாவில் உள்ள ஆக்வொர்த் மருத்துவமனை அதுதான். அன்று இந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. நோயாளிகளை ஊரிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள்.

1981-இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும்படி சொன்னது. அதன் பிறகு நிலைமை மாறியது. திட்டுகள் குறைவாக இருந்தால் 6 மாதம், அதிகமாக இருந்தால் 12 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். நோய் முழுவதும் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். வீட்டிலேயே இருக்கலாம். வேலைக்கும் போகலாம்.

அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து இலவசம். மருந்து சாப்பிடும்போது சிறுநீர் சிவப்பாகப் போகலாம். தோல் கொஞ்சம் கறுக்கலாம். அதைக் கண்டு பயந்து மருந்தை நிறுத்தக் கூடாது. மருந்து முடிந்த பிறகு தோலின் நிறம் மெல்ல மெல்லப் பழையபடி ஆகும். ஆனால் திட்டு திடீரென்று சிவந்து வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ, கண் சிவந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பம்பாய் தொழுநோய்த் திட்டம் என்ற நிறுவனம் 1976-இல் தொடங்கியது. டாக்டர் ஆர். கணபதி இதைத் தொடங்கினார். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல், குடிசைப் பகுதிகளுக்குப் போய் நோயைத் தேடினார்கள். ஏன் தேட வேண்டும்? ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து மக்கள் நோயை மறைத்தார்கள்.

அந்தப் பயம் இன்னும் முழுவதும் போகவில்லை. நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. முன்பு தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கச் சட்டத்தில் இடம் இருந்தது. 2019-இல் அதை நீக்கிவிட்டார்கள். சட்டம் மாறிவிட்டது. நம் மனமும் மாற வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் உடம்பைப் பாருங்கள். முதுகு நமக்குத் தெரியாது. வீட்டில் உள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது அவர்கள் உடம்பையும் பாருங்கள். திட்டு இருந்தால் கண்ணை மூடச் சொல்லி, அதன்மேல் பஞ்சால் மெல்லத் தொடுங்கள். எங்கே தொட்டீர்கள் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் உடனே சயான் மருத்துவமனைக்கோ, அருகில் உள்ள மாநகராட்சி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். தொட்டது தெரிந்தாலும் திட்டு மறையாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

திட்டு சிறிதாக இருக்கும்போதே மருந்து தொடங்கினால் கையும் காலும் கண்ணும் கெடாமல் காப்பாற்றலாம். திட்டைக் காட்டுவதில் வெட்கம் இல்லை. மறைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.