தொழிற்சாலை மூடியாச்சு, ஸ்க்ரூ எங்கே கிடைக்கும்?

உங்கள் கையில் ஒரு குட்டி ரயில் இன்ஜின் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் நீளம். ஆனால் செங்கல் துண்டு மாதிரி கனம். பெயர் ஹார்ன்பி டப்ளோ. இங்கிலாந்தில், லிவர்பூல் நகரத்துப் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் செய்தது. தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தால் 'உம்ம்' என்று முனகுகிறது, நகர மாட்டேன் என்கிறது.

உள்ளே ஏதோ ஒரு பாகம் போய்விட்டது. புதிது வாங்கலாம் என்றால் பின்ஸ் ரோடு தொழிற்சாலையை 1979-லேயே மூடிவிட்டார்கள்!

இந்த ரயிலின் பின்னால் இருப்பவர் பிராங்க் ஹார்ன்பி. துளை போட்ட தகடுகளை நட்டு போல்ட்டால் இணைத்து விளையாடும் மெக்கானோவும் அவர் யோசனைதான். அதற்கு 1901-ல் காப்புரிமை வாங்கினார். 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ரயில்கள் வந்தன. அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1938-ல், நிஜ ரயிலில் 76-ல் ஒரு பங்கு அளவில் டப்ளோ வந்தது. அந்த அளவுக்கு 'டபுள் ஓ' என்று பெயர். அதைச் சேர்த்துச் சொன்னால் டப்ளோ!

சரி, நம் இன்ஜினுக்கு வருவோம். பாகத்தைத் தேடுவதற்கு முன்னால், பழைய பாகம் எதனால் கெட்டது என்று பார்க்க வேண்டும்.

முதலில் கார்பன் பிரஷ். இது உங்கள் வீட்டு மிக்ஸியிலும் உண்டு. பிரஷ் என்று பெயர்தான், பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி இருக்காது, சின்னக் கரித்துண்டு. மோட்டாரில் சுழலும் பகுதிக்கு மின்சாரம் போக வேண்டும். கம்பியை அதில் கட்டினால் முறுக்கிக்கொள்ளும் இல்லையா? அதனால் இரண்டு கரித்துண்டுகளை ஸ்பிரிங் வைத்து அழுத்தி உரசவிடுகிறார்கள். அவை தேய்வதற்கென்றே செய்தவை. தேய்ந்தால் மாற்றிவிடலாம். இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது.

அடுத்தது காந்தம். பழைய காந்தங்கள் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கிகள். நடுவில் சுழலும் இரும்புப் பகுதியைச் சும்மா உருவி எடுத்தாலே வலு குறைந்துவிடும். 'சுத்தம் பண்ணுகிறேன்' என்று கழற்றிக் கெடுத்தவர்கள் நிறைய. வலு குறைந்த காந்தத்தோடு ஓடும் மோட்டார் அதிக மின்சாரம் இழுத்துச் சூடாகும். ஆனால் இதற்குப் புதுக் காந்தம் தேடி அலைய வேண்டாம். மறுபடி காந்தமேற்றிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

உண்மையான வில்லன் வேறு. இன்ஜினின் உடம்பும் சட்டமும் துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம், மக்னீசியம், செம்பு சேர்த்து வார்த்த உலோகக் கலவை. பிரிட்டனில் அதை மஸாக் என்பார்கள். நல்ல உலோகம்தான். ஆனால் அதில் ஈயம் கலந்துவிடக் கூடாது. எவ்வளவு கலந்தால் ஆபத்து தெரியுமா? ஒரு கிலோவில் 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இன்றைய அளவுகோல். ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு! அந்தக் காலத்தில் கண்ட உலோகத்தையும் சேர்த்து உருக்கியதில் ஈயமும் உள்ளே போனது.

உலோகம் நமக்கு வழவழவென்று தெரிந்தாலும் உள்ளே பொடிப்பொடிப் படிகங்களாகத்தான் இருக்கிறது. அந்தப் படிகங்களுக்கு நடுவில் உள்ள எல்லையில் ஈயம் போய் உட்காரும். காற்றில் உள்ள ஈரம் அந்த எல்லை வழியே உள்ளே அரித்துக்கொண்டு போகும். வருடங்கள் போகப்போக வார்ப்பு வீங்கும், வளையும், விரியும். கடைசியில் காய்ந்த பிஸ்கட் மாதிரி உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த இன்ஜின்களில் இது அதிகம். இதற்கு மருந்து இல்லை.

'சரி, அதே மாதிரி உடைந்த இன்னொரு இன்ஜினை வாங்கி, காயலான் கடையில் உருவுவது போல ஒரு பாகத்தை உருவிக்கொள்ளலாமே' என்று தோன்றும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். கம்பி, ஸ்பிரிங் எல்லாம் அப்படிக் கிடைத்துவிடும். வார்ப்பு மட்டும் சந்தேகம். ஒரே சமயத்தில், ஒரே உலோகத்தில் வார்த்தது என்றால் அதற்கும் அதே நோய் இருக்கும். 'அசல் பாகம்தான் வேண்டும்' என்று அடம் பிடிப்பவர்களுக்காக நான் பரிதாபப்படுவது இந்த இடத்தில்தான். புதிதாக வார்த்துக்கொள்வதே மேல். சிறு பட்டறைக்காரர்கள் வார்த்து விற்கிறார்கள். ஆனால் நகல் எடுப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பழைய பாகத்தை வைத்து அச்செடுத்து உலோகத்தை ஊற்றினால், ஆறும்போது உலோகம் சுருங்கி, நகல் ஒரு மயிரிழை சின்னதாகிவிடும். பழைய பாகம் ஏற்கெனவே வீங்கியிருந்தால் நகலும் வீங்கியே வரும். ஆகவே வரைபடத்தில் உள்ள அளவை நம்ப வேண்டும், கையில் உள்ள பாகத்தை அல்ல.

சக்கரத்தில் ஒரு பொறி இருக்கிறது. முதலில் வந்த டப்ளோ தண்டவாளத்தில் மூன்று கம்பிகள். நடுக்கம்பியில் மின்சாரம் ஏறும்; இரண்டு ஓரக் கம்பிகளும் அது திரும்பும் வழி. ஆக, இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையில் மின்சாரம் பாய்ந்தாலும் கவலை இல்லை. 1959-ல் இரண்டு கம்பித் தண்டவாளம் வந்தது. இப்போது ஒரு கம்பியில் ஏறி மறு கம்பியில் திரும்ப வேண்டும். பழைய சக்கரத்தை இதில் ஓடவிட்டால் என்ன ஆகும்? மின்சாரம் மோட்டார் பக்கமே போகாமல், அச்சு வழியாகக் குறுக்கே பாய்ந்துவிடும். ஷார்ட் சர்க்யூட்! பார்வைக்கு இரண்டு சக்கரமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வாங்கும் முன் மின்சாரம் பாய்கிறதா என்று காட்டும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் இரு பக்கச் சக்கரங்களில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியில் ஸ்க்ரூ. பிரிட்டனின் பழைய குட்டி ஸ்க்ரூக்களுக்கு 'பிஏ' என்று தனி அளவு. 0 எண் ஸ்க்ரூவின் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். எண் ஒன்று கூடும்போதெல்லாம் இடைவெளியை 0.9-ஆல் பெருக்க வேண்டும். கால்குலேட்டரில் எட்டு முறை தட்டுங்கள்: 8 எண் ஸ்க்ரூவுக்கு 0.43 வரும். தடிமன் 2.2 மில்லிமீட்டர். அதே தடிமனில் இப்போது கிடைக்கும் மெட்ரிக் ஸ்க்ரூவின் இடைவெளி 0.45. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குதானே வித்தியாசம்? ஆனால் மரையின் சாய்வும் வேறு. ஒன்றிரண்டு சுற்று இறங்கி இறுகிவிடும். பலத்தைக் காட்டினால் மஸாக்கில் உள்ள மரை சிதைந்துவிடும். அப்புறம் அது நிஜமாகவே மரை கழன்ற கேஸ்தான்.

உங்கள் வீட்டில் பேட்டரியில் ஓடி, இப்போது ஓடாமல் கிடக்கும் பொம்மை கார் இருந்தால், பேட்டரியை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். மிக்ஸியைத் தொடாதீர்கள், அது பெரியவர்கள் வேலை. கழற்றும் ஸ்க்ரூவை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். தரையில் உருண்டால் அதையும் தேட வேண்டிவரும்.