கிரேன் எத்தனை டன் தூக்கும்?

ஓசூர் சிப்காட்டில் ஒரு பட்டறைக்குப் புது எந்திரம் லாரியில் வந்து நின்றதும், முதலாளி கிரேன்காரருக்குப் போன் போடுவார். மறுமுனையில் வரும் முதல் கேள்வி, "எத்தனை டன் வண்டி சார் வேணும்?" என்பதுதான். வாடகை பேசுவதும் அந்தக் கணக்கில்தான். எந்திரம் 6 டன் என்றால் 12 டன் வண்டி தாராளமாகப் போதும் என்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள். கிரேன் விபத்துகளில் பல இந்த நினைப்பிலிருந்தே தொடங்குகின்றன.

கிரேனின் நீளும் கையான பூமின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் 12 டன் பொய்யில்லை. ஆனால் அது ஒரே ஒரு நிலைக்கு மட்டும் பொருந்தும் எண். பூம் முழுக்க உள்ளே இழுக்கப்பட்டு, சுமை வண்டிக்கு மிக அருகில் தொங்கும்போது, சமதளத்தில், காற்றில்லாத வேளையில் கிரேனால் முடிந்த உச்சம் அது. சுமை விலக விலகத் தூக்குதிறன் சரிகிறது.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்குவாரித் தொழிலாளிகளுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். கடப்பாரையின் நீண்ட பக்கத்தை அழுத்தி, தன்னைப்போல் பல மடங்கு எடையுள்ள கல்லை ஒருவர் அசைத்துவிடுகிறார். கிரேனில் அதே விதி எதிராளியாகிறது. நீண்ட பக்கத்தில் தொங்குவது சுமை. குட்டைப் பக்கத்தில் நின்று தாங்குவது வண்டியின் சொந்த எடை. நடுவே முன்சக்கரமோ, தரையில் ஊன்றிய ஜாக்கியோ தாங்குபுள்ளி. சுமையின் எடையை அந்தப் புள்ளியிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பதே வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசையின் அளவு.

ஒரு வண்டி முன்சக்கரத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் 12 டன் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 18. அந்த 18ஐத் தாண்டாமல் 3 மீட்டரில் 6 டன், 6 மீட்டரில் 3 டன், 9 மீட்டரில் 2 டன் தூக்கலாம். உண்மையில் இதைவிடவும் குறைவாகத்தான் வரும். பூமை நீட்டும்போது அதன் சொந்த எடையும் முன்னால் போய்ச் சுமையோடு சேர்ந்துகொள்கிறதே! ஆக, 6 டன் எந்திரத்தை லாரியிலிருந்து எடுத்துச் சுவருக்கு அப்பால் வைக்கப் பூமை 6 மீட்டருக்கு நீட்டும் அந்தக் கணத்தில், 12 டன் வண்டி 3 டன் வண்டியாகிவிடுகிறது.

இந்தச் சரிவை ஒவ்வொரு தூரத்துக்கும், பூமின் ஒவ்வொரு நீளத்துக்கும், கோணத்துக்கும் தயாரிப்பாளரே கணக்கிட்டுத் தரும் அட்டவணைதான் லோடு சார்ட். ஆபரேட்டர் கேபினில் அது கண்முன்னே இருக்க வேண்டும். பல சார்ட்டுகளில் தடித்த கோடொன்று எண்களை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பக்கத்து எண்கள், வண்டி கவிழாமல் இருப்பதற்கான வரம்பு. மறுபக்கத்து எண்கள், பூமும் மற்ற உறுப்புகளும் முறியாமல் இருப்பதற்கான வரம்பு. பெரும்பாலும் சுமை அருகில் இருக்கும்போது வருவது இந்த இரண்டாவது வகை. அனுபவமுள்ள ஆபரேட்டர்கள், "பின்சக்கரம் லேசா எழும்பினா எனக்குத் தெரிஞ்சிடும், இறக்கிடுவேன்" என்பார்கள். முறியும் வரம்பில் அந்த அனுபவம் உதவாது. பின்சக்கரம் எழும்பாது, எச்சரிக்கை எதுவும் வராது, இரும்பு நேராகத் துண்டாகிவிடும்.

சார்ட்டின் எண் முழுவதும் சுமைக்கே உரியதும் அல்ல. ஹூக், ஸ்லிங், ஷாக்கிள் என்று இடையில் தொங்கும் எல்லாவற்றின் எடையும் அதிலிருந்து கழிய வேண்டும்.

1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்த ஓசூர் வட்டாரத்தில் எங்கும் கண்ணில் படுவது ஹைட்ரா என்று எல்லோரும் அழைக்கும் வண்டி. தூக்கிய சுமையோடு ஓடக்கூடியது, குறுகிய சந்திலும் திரும்பும், வாடகையும் கட்டுப்படியாகும். ஆனால் அதற்கு ஜாக்கி கிடையாது, டயர்களே தாங்குபுள்ளி. திரும்பும்போது வண்டியின் முன்பாதி இடுப்பிலிருந்து மடங்குகிறது. சுமை பக்கவாட்டில் போக, நேராக நிற்கையில் பத்திரமாக இருந்த அதே எடை வண்டியைப் பக்கவாட்டில் சாய்க்கும். பழைய மாடல்களில் பூமும் சுமையும் ஓட்டுநரின் பார்வையையும் மறைக்கின்றன. இதனாலேயே பல பெரிய நிறுவனங்கள் பழைய ஹைட்ராவைத் தங்கள் வளாகத்துக்குள் அனுமதிப்பதில்லை. சிறு பட்டறைகளுக்கு அந்த வசதி இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர்கள் செய்யக்கூடியது, சுமையைத் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் உயர்த்தாமல், கயிறு கட்டி ஆட்டத்தை அடக்கி, நடைவேகத்தில் நகர்த்துவது. கயிறு பிடிப்பவர் வண்டிக்கும் சுமைக்கும் இடையில் போகவே கூடாது.

ஜாக்கியுள்ள கிரேன் என்றால் கவலை தரைக்கு மாறுகிறது. பூம் ஒரு மூலையை நோக்கித் திரும்பும்போது வண்டி, சுமை இரண்டின் எடையிலும் பெரும்பங்கு அந்த மூலை ஜாக்கியின் மேல் இறங்கும். 40 டன் எடையுள்ள வண்டி 10 டன் தூக்கும்போது ஒரே ஜாக்கியில் 30 டன் வந்துவிடலாம். ஜாக்கியின் தட்டு 40 சென்டிமீட்டர் சதுரம் என்றால், சதுர மீட்டருக்கு 187 டன் அழுத்தம்! எந்தச் செம்மண்ணும் இதைத் தாங்காது. அடியில் 1.2 மீட்டர் சதுரத்துக்கு உறுதியான பலகையோ இரும்புத் தட்டோ வைத்தால் அதே அழுத்தம் 21 டன்னாகக் குறைகிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்த மனைகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. மேலே கெட்டியாகத் தெரியும் தரையின் அடியில் மூடப்பட்ட குழாய்க்குழி இருக்கலாம். சாய்வும் பொல்லாதது. பூம் நுனி 30 மீட்டர் உயரத்தில் இருக்கையில் வண்டி ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், சுமை அரை மீட்டருக்கு மேல் வெளியே தள்ளிப்போகும்.

சுமையின் எடையைக் கண்ணால் மதிப்பிடுவது அடுத்த ஆபத்து. 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரமுள்ள சாதாரணக் கிரானைட் பாளம் ஏறக்குறைய 26 டன். அதே அளவுள்ள கருங்கல், அதாவது தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கடியில் சுவர்போல் ஓடும் டோலரைட், 29 டன்னை எட்டும். நிறம் மாறியதில் 3 டன் கூடிவிட்டது. அதோடு, அடியில் பாறையோடு ஒட்டியிருக்கும் பாளத்தைக் கிரேனால் பிடுங்க முயல்வது பெருந்தவறு. ஒட்டின் பலம் எவ்வளவு என்று எந்தச் சார்ட்டிலும் இருக்காது. சட்டென்று விடுபட்டால் பூம் பின்னோக்கித் துள்ளும். முதலில் முழுதாகப் பிரித்தெடுக்க வேண்டும், பிறகே தூக்க வேண்டும்.

சுமையைக் கட்டித் தூக்கும் ஸ்லிங்கின் கோணத்தைப் பலர் கவனிப்பதில்லை. 10 டன் பாளத்தை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்கினால் ஒவ்வொரு காலுக்கும் 5 டன் என்று தோன்றும். கால்கள் நேர் செங்குத்தாக இருந்தால்தான் அது சரி. கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 5.8 டன், 45 டிகிரியில் 7.1 டன், 30 டிகிரியில் முழு 10 டன். உயரம் போதவில்லை என்று குட்டை ஸ்லிங்கைப் போட்டால், ஒவ்வொரு கால் மேலும் முழுப் பாளத்தின் எடை ஏறிவிடுகிறது.

காற்றின் கதை அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1999 ஜூலை 14 அன்று தெரிந்தது. விளையாட்டரங்கக் கூரையின் 400 டன்னுக்கு மேற்பட்ட ஒரு பகுதியைத் தூக்கிய 'பிக் ப்ளூ' என்ற ராட்சதக் கிரேன் முறிந்து விழுந்து 3 தொழிலாளிகள் இறந்தார்கள். அகன்ற கூரையின் மேல் மோதும் காற்றின் விசையைக் கணக்கில் சேர்க்கவில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். தகடுகளையும் ஷெட் கூரைகளையும் ஏற்றுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வேலையிடத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் ஒலிக்கும். ஆபரேட்டருக்குப் புரியாத மொழியில் நான்கு பேர் கத்துவதைவிட ஆபத்து வேறில்லை. கைச்சைகைகள் இதற்காகவே இருக்கின்றன. ஆள்காட்டி விரல் மேல்நோக்கி வட்டமிட்டால் தூக்கு, கீழ்நோக்கி வட்டமிட்டால் இறக்கு, இரு கைகளையும் நீட்டி உள்ளங்கை கீழாக வீசினால் உடனே நிறுத்து. சைகை காட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். ஆனால் நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் எந்திரங்களையும் சங்கிலி, கயிறுகளையும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும், பாதுகாப்பான சுமையளவைத் தெளிவாகக் குறிக்க வேண்டும், சோதனைக்கு அன்றி அதை மீறக் கூடாது என்று வகுத்தது. தொழிற்சாலை வாசலுக்கு உள்ளே இந்தக் கண்காணிப்பு ஓரளவு இருக்கிறது. வாசலுக்கு வெளியே அதே கிரேன் வாடகைக்குப் போகும்போது கேட்பாரில்லை. 2023 ஜனவரி 22 இரவு, ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதி கிராமத்து மண்டியம்மன் கோயில் மயிலேறு திருவிழாவில், பக்தர்கள் தொங்கியபடி சாமிக்கு மாலை அணிவிக்க வந்த கிரேன் சாய்ந்து விழுந்து 4 பேர் இறந்தார்கள். சுமை தூக்கும் கிரேன் ஆள் தூக்குவதற்கான எந்திரம் அல்ல. கூட்டத்துக்கு மேலே அது நீளவே கூடாது.

பட்டறை முதலாளிகளுக்கும் குவாரிக்காரர்களுக்கும் விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை கிரேனுக்குப் போன் செய்யும்போது "12 டன் வண்டி அனுப்புங்க" என்று சொல்லாதீர்கள். சுமையின் எடை, வண்டி நிற்கும் இடத்திலிருந்து அதை வைக்கும் தூரம், எழுப்ப வேண்டிய உயரம், தரையின் நிலை, மேலே மின்கம்பி போகிறதா என்பது, இந்த ஐந்தையும் சொல்லுங்கள். வண்டி வந்ததும் லோடு சார்ட்டையும் சோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்ட முடியாத வண்டியை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.