உங்களுக்குத் தெரியுமா? விரலுக்கும் ஒலிக்கும் நடுவே சில மில்லி விநாடிகள்

◆ காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் மூன்றரை மீட்டர் தள்ளி இருந்தாலே 10 மில்லி விநாடி போய்விடும். லேப்டாப்பில் சாஃப்ட்வேர் சிந்தசைசர் வாசிப்பவர்கள் லேட்டன்சி (ஒலி வரும் தாமதம்) என்று கவலைப்படுவதும் ஏறக்குறைய இந்த அளவுக்குத்தான். கம்ப்யூட்டரின் ஒலியை வெளியே கொண்டுவரும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸைப் புதிதாக வாங்கும் முன் ஸ்பீக்கரை ஒரு மீட்டர் கிட்டே இழுத்துப் பாருங்கள். காசில்லாமல் 3 மில்லி விநாடி மிச்சம்.

◆ இன்டர்ஃபேஸ் பெட்டியின் மேல் ‘ஜீரோ லேட்டன்சி’ என்று அச்சடித்திருப்பார்கள். மைக்கில் வரும் குரலைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பாமல் நேராக ஹெட்போனுக்குத் திருப்பிவிடும் வசதி அது. பாடுபவருக்கும் கிட்டார் வாசிப்பவருக்கும் நல்ல உதவி. சிந்த் வாசிப்பவருக்கு அதனால் துளியும் பயனில்லை. அவருடைய ஒலி கம்ப்யூட்டருக்குள்தான் பிறக்கிறது. அங்கிருந்து வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

◆ விமர்சனங்களில் ‘ரவுண்ட் டிரிப்’ என்று ஒரு கணக்கு வரும். ஒலி உள்ளே போய் வெளியே வர ஆகும் மொத்த நேரம் அது. கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போவது ஒலி இல்லை, எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்று சொல்லும் மிடி செய்தி. அதனால் உங்களுக்கு வேண்டியது ‘அவுட்புட் லேட்டன்சி’ மட்டும். முழுப் பயணக் கணக்கைப் பார்த்துப் பயந்து நல்ல கருவியை ஒதுக்கிவிடாதீர்கள்.

◆ ஒலியை வெளியே அனுப்பும் முன் கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கும் தொகுப்புதான் பஃபர். அதன் கணக்கு எளிது. சாம்பிள் எண்ணிக்கையை சாம்பிள் ரேட்டால் வகுத்தால் போதும். 44,100 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.9 மில்லி விநாடி. 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6. பந்தியில் சாம்பார் வாளி போலத்தான் இதுவும். வாளி சின்னதானால் இலைக்குச் சீக்கிரம் வரும். ஆனால் பரிமாறுகிறவர் அடுக்களைக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நடை பிந்தினாலும் இலை காலி. அந்தக் காலி இடம்தான் ஸ்பீக்கரில் ‘பட், பட்’ என்று வெடிக்கிறது.

◆ இரண்டு கருவிகளிலும் பஃபரை 128 என்றே வைக்கிறீர்கள். ஒன்று விரலோடு ஒட்டி வருகிறது, மற்றொன்று இழுக்கிறது. காரணம், பல டிரைவர்கள் (கருவியைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருள்கள்) அந்த 128க்குப் பின்னால் தங்கள் பாதுகாப்புக்கென்று இன்னொரு பஃபரை மறைத்து வைத்திருக்கின்றன. திரையில் தெரியும் எண் முழுக் கதை இல்லை. என்னைக் கேட்டால், இன்டர்ஃபேஸ் வாங்குகிறவர் பணம் கொடுப்பது பெட்டிக்கு இல்லை, டிரைவருக்கு. ஜெர்மனியின் ஆர்எம்இ நிறுவனம் தன் கருவிகளின் யுஎஸ்பி பகுதியையும் டிரைவரையும் தானே வடிவமைக்கிறது. விலை கூடினாலும் மேடைக் கலைஞர்கள் அதைத் தேடிப் போவது இதற்காகத்தான்.

◆ விண்டோஸில் இந்த டிரைவருக்குப் பெயர் ஆசியோ. 1997இல் ஸ்டைன்பெர்க் கொண்டுவந்தது. விண்டோஸின் வழக்கமான ஒலிக் கலவையை ஒதுக்கிவிட்டு, மென்பொருளைக் கருவியோடு நேரே பேசவைக்கிறது. ‘ஆசியோ ஃபார் ஆல்’ என்ற இலவச மென்பொருள், ஆசியோ டிரைவர் இல்லாத கருவிக்கும் அந்த முகத்தை மாட்டிவிடும். லேப்டாப்பின் சொந்த ஒலியை வைத்துப் பழக அது போதும். கச்சேரிக்கு என்றால் தயாரிப்பாளரே எழுதிய டிரைவர் உள்ள கருவியைத்தான் வாங்கச் சொல்வேன். மேக்கிலும் ஐபேடிலும் கோர் ஆடியோ கூடவே வருவதால் இந்தத் தலைவலி குறைவு.

◆ யுஎஸ்பி 3 என்றால் வேகம் கூடுமா? கூடாது. 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு விநாடிக்கு 2.3 மெகாபிட்தான் தேவை. யுஎஸ்பி 2இன் கொள்ளளவு 480 மெகாபிட்.

◆ 96,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள், 48,000 ஹெர்ட்ஸில் 64 சாம்பிள்: இரண்டும் 1.33 மில்லி விநாடியே. ஆனால் முதலாவதில் ஒவ்வொரு விநாடிக்கும் இரு மடங்கு சாம்பிள்களைக் கணக்கிட வேண்டும் என்பதால் பிராசஸருக்குச் சுமை அதிகம்.

◆ பியானோவில் கட்டையை மென்மையாக அழுத்தினால், சுத்தியல் கம்பியைத் தொடவே 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகலாம். ஆனாலும் யாரும் குறை சொல்வதில்லை. எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு நேரம் என்று கை பழகியிருக்கிறது. ஒரு சுரத்துக்கு 4, அடுத்ததற்கு 11 என்று தாறுமாறாக மாறினால்தான் எந்தக் கையாலும் ஈடுகொடுக்க முடியாது. மாறாத 8 மில்லி விநாடி, ஆடிக்கொண்டிருக்கும் 4ஐவிட எவ்வளவோ மேல்.

◆ பழைய ஐந்து முள் மிடி கேபிளின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்துக்கான செய்தி போய்ச் சேர ஏறக்குறைய 1 மில்லி விநாடி. பத்து விரலையும் ஒன்றாக அழுத்தினால், பத்தாவது சுரம் தன் முறைக்குக் காத்திருக்கும். யுஎஸ்பி வழியே இணைத்தால் இந்த வரிசை இல்லை.

◆ புளூடூத் ஹெட்போன் பெரும்பாலும் 100 மில்லி விநாடிக்கு மேல் தாமதிக்கும். வாசிக்க உதவாது.

◆ மேடைக்கு எடுத்துப் போகிறவர் மைக் பிரீஆம்ப் எத்தனை என்று எண்ண வேண்டாம், அவுட்புட்டை எண்ணுங்கள். நான்கு இருந்தால் இரண்டு மிக்சருக்கு, மற்ற இரண்டு டிரம்மர் காதுக்கு மட்டும் போகும் தாளக் கிளிக்குக்கு. பேலன்ஸ்டு அவுட்புட்டாக இருக்கட்டும். சார்ஜரைச் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் பெரும்பாலும் அதை அடக்கிவிடும்.

◆ பழைய கருவி மலிவாகக் கிடைத்தால், உங்கள் விண்டோஸுக்கோ மேக்குக்கோ அதன் டிரைவர் இன்னும் வெளிவருகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

◆ கடைக்குப் போகும்போது சொந்த லேப்டாப்பையும் சஸ்டெய்ன் பெடலையும் கொண்டுபோங்கள். இருப்பதிலேயே கனமான ஒலியை ஏற்றி, பெடலை மிதித்தபடி இரண்டு கையாலும் சுரங்களை அடுக்குங்கள். பஃபரை 256இலிருந்து 128, 64 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். வெடிப்புச் சத்தம் கேட்டால் உடனே கருவியைக் குறை சொல்லாமல், வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி வாசியுங்கள். விண்டோஸில் ‘லேட்டன்சிமான்’ என்ற மென்பொருளை ஓடவிட்டால், கம்ப்யூட்டருக்குள் எந்த டிரைவர் வழியை மறிக்கிறது என்று பெயரோடு காட்டிக்கொடுக்கும்.