பல் கூச்சத்துக்கு பெங்களூருவின் ‘கால்பாட்’: எப்படி வேலை செய்கிறது?

பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில் சுடச்சுட கபாப், அடுத்து ஒரு ஃபலூடா. முதல் வாயிலேயே பல்லில் ‘சுரீர்’னு கூச்சம். உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கா?

ஏன் கூசுகிறது?
எனாமல் தேய்ந்தாலோ, ஈறு இறங்கினாலோ உள்ளே இருக்கும் டென்டின் வெளிப்படும். அது முழுக்க நுண்குழாய்கள். குளிர்ச்சி பட்டதும் அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது.

பேஸ்ட் போதாதா?
கூச்சத்துக்கான பேஸ்ட்கள் குழாய் வாயை மேலோட்டமாக மூடும், அல்லது நரம்பை அமைதிப்படுத்தும். அந்த மூடி தேய்ந்துவிடும் என்பதால் தொடர்ந்து பயன்படுத்தணும்.

புதுசா என்ன?
ஐ.ஐ.எஸ்.சி ஆய்வாளர்களும், அங்கிருந்து உருவான தெரானாட்டிலஸ் நிறுவனமும் 2025-ல் அறிவித்தவைதான் கால்பாட்கள். 400 நானோமீட்டர் அளவுள்ள காந்தத் துகள்கள் இவை. வெளியே இருந்து செலுத்தும் காந்தப்புலம் இவற்றைக் குழாய்க்குள் 300 முதல் 500 மைக்ரோமீட்டர் ஆழம் வரை கொண்டுபோகும். அங்கே ஒன்றுசேர்ந்து சிமென்ட் போல இறுகி அடைத்துக்கொள்ளும். கூச்சத்தால் குளிர்ந்த நீரைத் தவிர்த்த எலிகள், சிகிச்சைக்குப் பிறகு மறுபடி குடித்தன.

நீங்க என்ன செய்யணும்?
இந்த முடிவுகள் பிடுங்கிய மனிதப் பற்களிலும் எலிகளிலும் கிடைத்தவை. அதனால் இப்போதே கிளினிக்கில் போய்க் கேட்க வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால் அழுத்தாமல் துலக்குங்க. புளிப்பான பானம் குடித்த உடனே துலக்காதீங்க. ஒரே பல்லில் மட்டும் கூச்சமா? குளிர் போன பிறகும் வலி நிற்கலையா? சொத்தையோ விரிசலோ இருக்கலாம். பேஸ்ட்டால் சமாளிக்காமல் பல் மருத்துவரிடம் காட்டிடுங்க.