சிசிஐஇ தேர்வு: எதை வாங்குவது, எதை விடுவது

சிஸ்கோ நிறுவனம் 1993-ல் தொடங்கிய சிசிஐஇ, கணினி வலையமைப்புத் துறையின் கடினமான சான்றிதழ்த் தேர்வுகளில் ஒன்று. எழுதுவதற்கு முன்தகுதி எதுவும் கிடையாது. பட்டம் கூடக் கேட்பதில்லை. முதலில் 2 மணி நேர எழுத்துத் தேர்வு, பிறகு லேப் எனப்படும் 8 மணி நேரச் செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வைத் தேர்வு மையத்திலோ, வீட்டிலிருந்து இணையவழிக் கண்காணிப்பிலோ எழுதலாம். லேப் அப்படியல்ல. திருநெல்வேலிக்காரருக்கு அருகில் இருக்கும் நிரந்தர லேப் பெங்களூருவில்தான். 2020-ல் எழுத்துத் தேர்வுக் கட்டணம் 400 டாலர், லேப் கட்டணம் 1,600 டாலர். லேப்பில் ஒருமுறை தவறினால் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போய்விடும். புத்தகத்துக்கும் லேப் வசதிக்கும் எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கணக்கை இந்தத் தொகையை வைத்தே போட வேண்டும்.

வாங்க வேண்டிய முதல் பொருளுக்கு விலையே இல்லை. தேர்வின் பாடத்திட்டத்தை சிஸ்கோ இலவசமாக வெளியிடுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை சதவீதம் என்பதும் அதில் இருக்கிறது. 2020 பிப்ரவரி 24-ல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தில், என்டர்பிரைஸ் பிரிவின் எழுத்துத் தேர்வில் உள்கட்டமைப்புக்கு 30, பாதுகாப்புக்கு 20, கட்டமைப்புக்கும் தானியக்கத்துக்கும் தலா 15, மெய்நிகராக்கத்துக்கும் கண்காணிப்புக்கும் தலா 10 என்று பங்கு பிரிக்கப்பட்டது. ரூட்டிங்கையும் சுவிட்சிங்கையும் கரைத்துக் குடித்தவர்கூட தானியக்கத்துக்கான பைத்தான், ஏபிஐ பக்கம் போகாவிட்டால் தடுமாறுவார். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் 2019-க்கு முந்தைய தேர்வு வழிகாட்டிகளில் இந்தத் தானியக்கப் பகுதி பெயரளவுக்கே இருக்கும், அல்லது இருக்காது. பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் தேர்வு வழிகாட்டி வாங்கக் கூடாது.

அடிப்படை நூல்களுக்கு இந்த விதி பொருந்தாது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு குரோஸ்–ராஸ், ஃபொரோசன், பீட்டர்சன்–டேவி ஆகியோரின் பாடநூல்கள் பழக்கம். கருத்து புரிய அவை போதும். கருவியை இயக்க அவை போதா. அந்த இடைவெளியை நிரப்புவது ஜெஃப் டாயில் எழுதிய ‘ரூட்டிங் டிசிபி/ஐபி’. முதல் தொகுதியின் இரண்டாம் பதிப்பு 2005-லும், பிஜிபி நெறிமுறையையும் மல்டிகாஸ்டையும் பேசும் இரண்டாம் தொகுதியின் இரண்டாம் பதிப்பு 2016-லும் வந்தன. ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் நெறிமுறை அண்டை ரூட்டரோடு உறவு பிடிக்கும் விதம் 2005-க்குப் பிறகு மாறிவிடவில்லை. பழைய பிரதி கிடைத்தாலும் துணிந்து வாங்கலாம்.

அதற்கும் மேலே மூல ஆவணங்கள், அதாவது ஆர்எஃப்சிக்கள், இருக்கின்றன. ஓஎஸ்பிஎஃப்புக்கு 1998-ல் வந்த 2328, பிஜிபிக்கு 2006-ல் வந்த 4271. சிஸ்கோ தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த ஈஐஜிஆர்பி கூட 2016-ல் 7868 என்ற எண்ணில் வெளியாகிவிட்டது. எல்லாமே இலவசம். 2328 மட்டும் 244 பக்கம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர் அரிது, அவசியமும் இல்லை. லேப்பில் ஒரு ரூட்டர் எதிர்பார்த்தபடி நடக்காதபோது, உரிய பகுதியைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்தால் போதும்.

தமிழில் இந்த மட்டத்துக்கு நூல் தேடிப் பயனில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலான பிளஸ் 2 ‘கணினிப் பயன்பாடுகள்’ வலையமைப்பு, நெறிமுறைகள், கேபிள் இணைப்பு ஆகியவற்றைத் தமிழில் சொல்கிறது. கலைப்பிரிவில் படித்துவிட்டு, பாளையங்கோட்டையில் கேபிள் இன்டர்நெட் வேலைக்குப் போய், அங்கிருந்து இத்துறைக்குள் நுழைபவருக்கு அது நல்ல முதல் படி. அதற்குப் பிறகு ஆங்கிலம்தான்.

இனி லேப். பணமும் நேரமும் அதிகம் போக வேண்டிய இடம் இதுவே. சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பழைய ரூட்டர்களை வாங்கி அடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் சரியாக இருந்தது. இன்று அது வீண்செலவு. கரண்டும் சத்தமும்தான் மிச்சம், புதிய பாடப்பகுதிகள் அவற்றில் ஓடாது. 32 ஜிபி ரேம் உள்ள ஒரு கணினி அதைவிட மேல். ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைத்தாலும், ரூட்டருக்குள் ஓடும் சிஸ்கோவின் இயங்குதள நகல் அவற்றோடு வராது. உரிமத்தோடு அது வேண்டுமென்றால் சிஸ்கோ மாடலிங் லேப்ஸ்தான் வழி. எஸ்டி-வான் போன்ற கனமான பகுதிகளைச் சொந்தக் கணினியில் ஏற்றித் திணறுவதற்குப் பதில், சிஸ்கோவின் டெவ்நெட் சாண்ட்பாக்ஸில் நேரம் பதிவு செய்து இலவசமாகப் பழகலாம். நல்ல இணைய இணைப்பு மட்டும் வேண்டும்.

8 மணி நேரத் தேர்வில் முதல் 3 மணி நேரம் வடிவமைப்புக்கு, மீதி 5 மணி நேரம் கட்டுதல், இயக்குதல், சீர்செய்தலுக்கு. முதல் பகுதிக்குப் பின்னோக்கிச் செல்ல வழியில்லை. அதனால் ஒரு நிறுவனத்தின் தேவைகளை வாசித்து, இந்த வழி ஏன், அந்த வழி ஏன் வேண்டாம் என்று முடிவெடுக்கும் பயிற்சி வேண்டும். சிஸ்கோ தன் தளத்தில் வைத்திருக்கும் வடிவமைப்பு வழிகாட்டிகள் இதற்கு உதவும். வீடியோ வகுப்புகளில் இந்தப் பகுதி பொதுவாக மெலிவு. வீடியோவுக்குப் பணம் கட்டும் முன் வடிவமைப்புக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்பது நல்லது. தொடக்கநிலைச் சான்றிதழான சிசிஎன்ஏவுக்கு வகுப்பு மட்டும் நடத்தும் உள்ளூர் நிலையத்தில் இதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கடைசியாக, டம்ப்ஸ். தேர்வில் வந்ததாகச் சொல்லி விற்கப்படும் இந்த வினா-விடைத் தொகுப்புகளைப் பயன்படுத்துவது தேர்வர் ஒப்பந்தத்தை மீறுவது. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழே ரத்தாகும். அதை விடுங்கள், விடைகள் பலவும் தவறு. எழுத்துத் தேர்வை அப்படியே மனப்பாடத்தில் தாண்டினாலும், பெங்களூரு லேப்பில் உடைந்து கிடக்கும் வலையமைப்பின் முன் உட்காரும்போது ஒரு வரி கூடக் கைகொடுக்காது. குறுக்குவழி தேடி அவசரப்படத் தேவையும் இல்லை: எழுத்துத் தேர்வின் வெற்றி 3 ஆண்டு செல்லும். லேப்பை அதற்குள் முடிக்க வேண்டும்.