விடுவிப்பு என்னும் சொல்: இளையர் நாவலை வளர்ந்தோர் படித்தல்

இளையர்க்கென எழுதப்பட்ட நாவலைப் பெரியவர்கள் பெரும்பாலும் மதிப்பிடும் நோக்குடனேயே கையில் எடுக்கிறார்கள். மாணவர்க்கு ஏற்றதா, நடை எளிதா, வகுப்பில் பயன்படுமா என்பனவே அவர்தம் வினாக்கள். கெட்டுச் சீரழிந்த எதிர்காலச் சமுதாயத்தைக் காட்டும் 'டிஸ்டோபியா' நாவல்களை இவ்வாறு தொலைவில் நின்று படிப்பது அரிது. அவற்றுள் தீங்கு இழைப்போர் பெரியவர்கள். அவர்களுள்ளும் கொடியவரைவிட நல்லவரே நம்மை அதிகம் கலங்கச் செய்கின்றனர்.

அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோவ்ரி 1993இல் வெளியிட்டு, மறு ஆண்டில் நியூபெரி பதக்கம் பெற்ற 'தி கிவர்' (கொடுப்பவர்) இதற்குத் தக்க சான்று. பசியும் போரும் அற்ற ஊர் அது. நிறமும் இசையும்கூட அங்கில்லை. பன்னிரண்டு வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாழ்நாள் தொழில் ஒதுக்கப்படுகிறது. (தொடக்கநிலை ஆறாம் வகுப்பில் கற்பிப்போர் இவ்வெண்ணைக் கண்டதும் சற்றே நின்றுதான் மேலே படிப்பர்.) ஊரார் துறந்துவிட்ட பழைய நினைவுகளையெல்லாம் பெற்றுச் சுமக்கும் பணி ஜோனஸ் என்னும் சிறுவனுக்கு வாய்க்கிறது.

இளம் வாசகர் ஜோனசின் பின்னே செல்வர். வளர்ந்தவரின் கண்ணோ அவன் தந்தைமீது நிலைக்கிறது. பச்சிளங்குழந்தைகளைப் பேணுவது அவர் தொழில். வளர்ச்சி குன்றிய ஒரு குழந்தைக்கு மேலும் காலம் வேண்டுமென மன்றாடி, அதனை இரவுதோறும் வீட்டிற்கே கொண்டுவரும் அன்பர் அவர். ஆயினும், ஒரே தோற்றமுடைய இரட்டையர் பிறந்தால் எடை குறைந்த குழந்தையை 'விடுவிப்பதும்' அவர் கடமையே. அக்காட்சியின் பதிவை ஜோனஸ் ஒருநாள் காண்கிறான். தந்தை குழந்தையின் நெற்றி நரம்பில் ஊசி செலுத்துகிறார். செல்லக் குரலில் விடைகொடுக்கிறார். அது கொலை என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை.

'விடுவிப்பு' என்னும் சொல்லை நம் இலக்கணத்தின் துணைகொண்டு நோக்கலாம். இறந்தாரைத் 'துஞ்சினார்' எனல் மங்கலம் என்று நன்னூல் வழிநின்று கற்பிக்கிறோம். அங்கே சொல்வோரும் கேட்போரும் மறைந்திருக்கும் பொருளை அறிவர். துயரை மென்மையாக்கவே சொல் மாறுகிறது. லோவ்ரியின் ஊரில் சொல் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அது மறைத்த பொருளை நினைவுகூர்வார் இல்லை. மங்கல வழக்கு இந்நிலையை எட்டக்கூடும் என்பதை வகுப்பில் நாம் சொல்லித் தருவதில்லை.

முதுமையில் நினைவு தளர்ந்த தம் தந்தையைக் கண்டது இந்நாவலின் வித்துகளுள் ஒன்று என்று லோவ்ரி கூறியுள்ளார். சிறுவர் நூலின் வேரில் இருந்தது ஒரு முதிர்ந்த மகளின் கவலை.

சூசன் காலின்ஸ் 2008இல் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலிலும் வளர்ந்தவர் வேறோர் இடத்தில் நிற்கிறார். 12 முதல் 18 வயதுள்ளோர் பெயர்களைக் குலுக்கி எடுத்து, ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக்கு அனுப்பும் நாடு அது. தானியமும் எண்ணெயும் வேண்டும் ஏழைப் பிள்ளை, தன் பெயரைக் கூடுதலாகச் சேர்த்துப் பெற்றுக்கொள்ளலாம். பதினாறு வயது காட்னிசின் பெயர் இருபது முறை இடப்பட்டிருக்கிறது. குடும்பச் செலவைக் கணக்கிட்டுப் பழகியோர்க்குப் போர்க்களக் காட்சிகளைவிட இக்கணக்கே கொடிது.

எனினும், மொழி கற்பிப்போர்க்கு மிக அணுக்கமானது லோவ்ரியின் நாவலே. அவ்வூரார் சொல்லைத் துல்லியமாக ஆளுவதைப் பெருமையாகக் கருதுவர். பிள்ளை பிழையாகச் சொன்னால் உடனே திருத்துவர். அன்பின் நினைவை முதன்முறை பெற்ற ஜோனஸ், தன்மீது அன்பு உண்டா என்று பெற்றோரைக் கேட்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். 'அன்பு' மிகப் பொதுவான, வழக்கிழந்த சொல் என்கிறார்கள். உன்னால் மகிழ்கிறோமா, உன் சாதனைகளில் பெருமை கொள்கிறோமா என்று கேட்பதே முறை எனக் கனிவோடு விளக்குகிறார்கள். புரிந்ததா என்று தாய் கேட்க, புரிந்தது என்கிறான் ஜோனஸ். பெற்றோரிடம் அவன் கூறிய முதல் பொய் அது. மறுநாள் காலை, உணர்வை அடக்க ஊரார் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரையை அவன் விழுங்கவில்லை.